பழைய ஃபெண்டர் வைப்ரோ சாம்ப் கிடார் ஆம்ப்: வேளச்சேரி ஃப்ளாட்டுக்கு வாங்கலாமா?

வேளச்சேரி_ஸ்ட்ராட் | செவ்வாய், இரவு 10.40

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை.

மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. கையில் மெக்சிகோவில் செய்த ஒரு ஸ்ட்ராட் எலக்ட்ரிக் கிடார். இதுவரை லேப்டாப்பில் செருகி ஹெட்ஃபோனில்தான் வாசித்து வந்தேன். பகலெல்லாம் வேலையும் அதே லேப்டாப்பில். ராத்திரி கிடாரை எடுத்ததும் மறுபடி அந்தத் திரையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு சுவிட்ச், மூன்று நான்கு குமிழ், போட்டால் சத்தம் வர வேண்டும், அவ்வளவுதான் என் தேவை.

பெரியம்மா மகன் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறார், அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். அவர் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஒருவர் ஃபெண்டர் வைப்ரோ சாம்ப் விற்கிறார். சில்வர்ஃபேஸ் (குமிழ் இருக்கும் முகப்பு வெள்ளி நிறம்), 1968-ஆம் வருஷத்தது என்கிறார், 650 டாலர். ஐந்தாறு வாட், 8 இன்ச் ஸ்பீக்கர், டிரான்சிஸ்டர் இல்லை, முழுக்க வால்வு (அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய்). 23 கிலோ பெட்டியில் அடங்கிவிடும் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

இன்னொன்று உள்ளூரிலேயே இருக்கிறது. அடையாறில் ஒருவர் மார்ஷல் லீட் 12 வைத்திருக்கிறார். மான்செஸ்டரில் படித்தபோது வாங்கியதாம். 1980-களின் டிரான்சிஸ்டர் ஆம்ப், 12 வாட், 10 இன்ச் ஸ்பீக்கர், 18,000 ரூபாய்.

மனசு சாம்ப் பக்கம் ஏற்கெனவே போய்விட்டது. அதைத் தடுக்க ஏதாவது காரணம் இருக்கிறதா?

மேடைக்கிடாரன் | செவ்வாய், இரவு 11.05

ஒரு காரணமும் இல்லை தம்பி. வால்வு வால்வுதான். வாங்குங்கள்.

அஞ்சுவாட் | செவ்வாய், இரவு 11.31

அவசரப்படாதீர்கள். என் பெயரைப் பார்த்தாலே நான் யார் பக்கம் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

5 வாட் என்றால் சின்னச் சத்தம் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் இதை வாங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 92 டெசிபல் தரும் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வோம். 5 வாட்டுக்கு அதோடு 7 கூட்டினால் 99 டெசிபல். நாம் வீட்டில் சாதாரணமாகப் பேசுவது 60. நம் நாட்டுச் சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்துக்கு மேல் 45-தான் வரம்பு. 100 வாட் ஆம்ப்கூட இந்த 5 வாட்டைவிட 13 டெசிபல்தான் கூட. காதுக்கு அது இரண்டரை மடங்கு போலத்தான் கேட்கும், இருபது மடங்காகக் கேட்காது.

அப்புறம் வைப்ரோ சாம்ப்பில் மாஸ்டர் வால்யூம், அதாவது கடைசியில் வரும் சத்தத்தை மட்டும் தனியே குறைக்கும் குமிழ், கிடையாது. வால்யூம், ட்ரெபிள், பேஸ், ஸ்பீட், இன்டென்சிட்டி, ஐந்தே குமிழ். அந்தத் தேன் ஒழுகும் லேசான டிஸ்டார்ஷன் (கரகரப்பு) வர வேண்டுமானால் வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பியாக வேண்டும். 2-இல் வைத்தால் அழகான சுத்தமான ஒலி கிடைக்கும். அதற்காக 650 டாலரா என்பது உங்கள் பாடு.

இன்னொரு சின்ன விஷயம். பெயரில் வைப்ரோ இருந்தாலும் அது செய்வது ட்ரெமோலோ. சுருதி ஆடாது, சத்தம்தான் ஏறி இறங்கும். ஃபெண்டர் ஆரம்பத்திலிருந்தே இந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போட்டுக் குழப்பிவிட்டது. கிடார் பிரிட்ஜில் இருக்கும் கைப்பிடிக்கு ட்ரெமோலோ என்று பெயர் வைத்தது, ஆனால் வைப்ரேட்டோ செய்வது அதுதான்.

கிவ்சன்காரி | புதன், காலை 6.15

கீழ் வீட்டுக்காரர் யார் என்று முதலில் சொல்லுங்கள். அதைப் பொறுத்துத்தான் பதில்.

வேளச்சேரி_ஸ்ட்ராட் | புதன், காலை 8.50

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்.

கிவ்சன்காரி | புதன், காலை 8.58

அப்போது நீங்கள் மார்ஷல் வாங்குகிறீர்கள்.

சால்டர்_புகை | புதன், மாலை 5.20

கோவையிலிருந்து எழுதுகிறேன். நாற்பது வருஷமாக வால்வு ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பவன். சத்தம் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் கரண்ட் பற்றிச் சொல்கிறேன்.

அந்த ஆம்ப் அமெரிக்காவுக்கென்று செய்தது. 120 வோல்ட், 60 சைக்கிள். நம்மிடம் 230 வோல்ட், 50 சைக்கிள். சைக்கிள் என்றால் ஹெர்ட்ஸ்தான். ஏற்றுமதிக்காக வோல்டேஜ் செலக்டர் வைத்து வந்த ஃபெண்டர்களும் உண்டு, ஆனால் நியூ ஜெர்சியில் ஒருவர் வீட்டில் இருப்பது அநேகமாக அது இல்லை. பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வோல்டேஜைக் குறைக்கலாம், சைக்கிளை மாற்ற முடியாது. 60 சைக்கிளுக்கு என்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை 50-இல் ஓட்டினால் அதே வோல்டேஜுக்கு அதன் இரும்பு 20 சதவீதம் கூடுதலாகக் காந்தமேறும். சூடு ஏறும், உறுமும். அதைச் சரிக்கட்ட 120-க்குப் பதில் 100 வோல்ட் கொடுக்கலாமே என்றால், வால்வு ஹீட்டருக்கு 6.3 வர வேண்டிய இடத்தில் 5.25 வோல்ட்தான் வரும். அது போதாது. 110 கொடுத்தால் இரண்டுக்கும் நடுவில் சமாளிக்கலாம். ஆனால் ராத்திரி நம் லைன் 245-க்கு ஏறினால் உங்கள் 110-உம் 117 ஆகிவிடும். அப்போது டிரான்ஸ்ஃபார்மர் மேல் கை வைத்துப் பாருங்கள்.

வேளச்சேரி_ஸ்ட்ராட் | புதன், இரவு 9.10

நன்றி சார். இவ்வளவு இருக்கிறது என்று நினைக்கவில்லை. ரிச்சி தெருவில் விசாரித்தேன், 230-ஐ 110 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் எளிதாகக் கிடைக்கிறது. 300 வாட் போதும் என்றார்கள்.

சால்டர்_புகை | புதன், இரவு 9.45

வாட் போதும். அதன் வெளியே போகும் சாக்கெட்டைப் பார்த்தீர்களா? இரண்டு ஓட்டையா, மூன்று ஓட்டையா?

கடையில் கிடைக்கும் மலிவானவை பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். ஒரே சுற்றின் நடுவில் ஒரு வயர் எடுத்திருப்பார்கள், மெயின்ஸிலிருந்து தனிமைப்படுத்தாது. அதில் இரண்டு ஓட்டை சாக்கெட் இருந்தால் ஆம்ப்பின் எர்த் அந்த இடத்திலேயே செத்துப்போகும். கிடார்க் கம்பி, பிரிட்ஜ், ஜாக், ஆம்ப்பின் சேசிஸ் (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) எல்லாம் ஒரே இணைப்பு. எர்த் இல்லாத ஆம்ப்பில் ஒரு கோளாறு வந்தால் அது நேராக உங்கள் விரலுக்கு வரும்.

சுவரிலிருந்து ஆம்ப் வரைக்கும் எர்த் வயர் அறுபடாமல் போக வேண்டும். மூன்று பின் சாக்கெட் இருந்தால் மட்டும் போதாது, உள்ளே எர்த் இணைத்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நான் திறந்து பார்த்த ஒன்றில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரத்துக்கு இருந்தது.

மேடைக்கிடாரன் | புதன், இரவு 10.20

சார் சொல்வதை விளையாட்டாக எடுக்காதீர்கள். நேற்று ஒரு வரியில் வாங்குங்கள் என்றவன்தான் நான், இதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி, மதுரைக்குப் பக்கத்தில். கிடார் ஆம்ப்புக்கு ஜெனரேட்டர் லைன், மைக் செட்டுக்கு வேறு லைன். ஆம்ப் பிளக்கில் எர்த் பின்னை யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள், சாக்கெட்டில் நுழையவில்லை என்று. கோரஸ் பாட மைக்குக்கு வாயைக் கொண்டு போனேன். உதட்டில் நெருப்பு வைத்த மாதிரி ஒரு அடி. இடது கை கிடார்க் கம்பியை விடவே மறுத்தது. டிரம்ஸ்காரர் காலால் ஜாக்கை எத்திவிட்டார். கூட்டத்துக்கு எதுவும் தெரியாது, நான் ஆடுகிறேன் என்று கை தட்டினார்கள்.

1972-இல் ஸ்வான்சியில் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிடார்க் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். எனக்கு டிரம்ஸ்காரர் கால் இருந்தது.

ஸ்காபரோ_வாசி | புதன், இரவு 11.58

வணக்கம் தம்பி. நான் டொராண்டோவில இருந்து. பழைய ஆம்ப் பார்த்தால் கை சும்மா இருக்காத வருத்தம் எனக்கு. நிலக்கீழ் அறையில ஒரு ட்ரெய்னர் கிடார் மேட் நிற்குது, எங்கட ஊர்ச் சாமான், 60-களில் இஞ்சை டொராண்டோவிலேயே தொடங்கின பெயர். இரண்டு ஈஎல்84 வால்வு, 12 இன்ச் ஸ்பீக்கர். வீட்டில் ஆள் இல்லாத நேரம்தான் அதுக்கு உயிர் வரும்.

1968 என்று அவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அந்த வருஷச் சில்வர்ஃபேஸ் என்றால் முன் துணியைச் சுற்றி மெல்லிய அலுமினியச் சட்டம் ஓடும், 68, 69-இல் வந்ததில்தான் அது இருக்கும். அடுத்தது பெயர்ப் பட்டையைப் பாருங்கோ. ஃபெண்டர் என்ற எழுத்துக்கு அடியில வால் மாதிரி ஒரு கோடு இழுத்திருந்தால் முந்தினது. வால் இல்லையென்றால் 70-களின் நடுப்பகுதிக்குப் பிந்தினது.

அதுக்கு மேல நம்பர்கள் இருக்கு. பின்பக்கம் டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்று தொடங்கும் ஒரு எண் அடித்திருக்கும். 606 என்பது ஷூமாக்கர் என்ற கம்பனி. அடுத்த இலக்கம் வருஷத்தின் கடைசி எண், பிறகு வருவது வாரம். ஸ்பீக்கரிலும் அப்படித்தான்: 465 ஆக்ஸ்ஃபோர்ட், 220 ஜென்சன், 67 எமினென்ஸ். வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். மூன்றும் ஒரே காலத்தைச் சொன்னால் ஆம்ப் முழுசாக இருக்கு. ஒன்று மட்டும் பத்து வருஷம் விலகி நின்றால் அதை யாரோ மாற்றியிருக்கினம்.

அண்ணரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கோ. போகும்போது ஆம்ப் குளிர்ந்து இருக்க வேண்டும். விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார் என்று அர்த்தம் எடுக்கலாம். வால்யூமைப் பூச்சியத்தில் வைத்துப் போட்டு உறுமல் கேட்குதா என்று பார்க்கட்டும். பிறகு கிடார் இல்லாமல் வால்யூமைக் கூட்டட்டும். ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்பட்டும், கரகரத்தால் பெரிய குற்றம் இல்லை, கழுவினால் போகும். பென்சிலின் ரப்பர் முனையால ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டட்டும், மணி அடிக்கிற மாதிரி ஸ்பீக்கரில் கேட்டால் அந்த வால்வு போகிற வழியில. அரை மணித்தியாலம் ஓட விட்டு ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வான 6வி6-இன் உள்ளே இருக்கும் தகடு சிவக்குதா என்றும் பார்க்க வேணும். ஹீட்டர் மஞ்சளாய் எரிவது சரி, தகடு சிவந்தால் உடன நிற்பாட்டச் சொல்லுங்கோ.

வேளச்சேரி_ஸ்ட்ராட் | வியாழன், காலை 7.30

அண்ணா, இதை அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை போகிறார். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது, ஆனால் கார் வாங்கும்போது டயரை எத்திப் பார்க்கும் ரகம், கவலை இல்லை.

அஞ்சுவாட் | வியாழன், மதியம் 1.15

அவர் பார்த்துவிட்டு வருவதற்குள் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடும்போது இதைவிட மலிவாக, இன்னும் சின்னதாக, 50-களின் அமெரிக்க வால்வு ஆம்ப்கள் கண்ணில் படும். அவற்றில் ஒரு வகை உண்டு, மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. அந்தக் காலத்து ஐந்து வால்வு அமெரிக்க ரேடியோவின் சூத்திரம்தான். வால்வு ஹீட்டர்களை வரிசையாகக் கோத்து நேரே லைனில் மாட்டிவிடுவார்கள். ரேடியோவில் 12 வோல்ட் வால்வு மூன்று, 50 ஒன்று, 35 ஒன்று, கூட்டினால் 121, ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. ரேடியோவுக்கு பேக்கலைட் உறை இருந்தது, யாரும் சேசிஸைத் தொட மாட்டார்கள். கிடாரில் தொடாமல் எப்படி வாசிப்பது? வால்வு எண் 50, 35 என்று தொடங்கினால் விலையைக்கூடக் கேட்காதீர்கள்.

சாம்ப்பில் அந்தப் பிரச்சினை இல்லை, ஒழுங்கான டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது.

சால்டர்_புகை | வியாழன், மாலை 6.00

சரியாகச் சொன்னீர்கள். கூடவே ஒன்று. அமெரிக்காவின் பழைய இரண்டு பின் ஆம்ப்களில் லைனுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கண்டன்சர் இருக்கும், உறுமலைக் குறைக்க வைத்தது. அது ஷார்ட் ஆனால் சேசிஸ் முழுக்கக் கரண்ட். அங்கே அதற்குச் சாவுக் கண்டன்சர் என்றே பெயர். மூன்று பின் வயர் போடும்போது அதை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

யாரும் யூடியூப் பார்த்துவிட்டுத் தானே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

கிவ்சன்காரி | வியாழன், இரவு 8.40

நான் டெக்னிக்கல் ஆள் இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எட்டு வருஷமாக வீட்டில் வாசிக்கும் ஆள். என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

ஆம்ப்பைத் தரையில் வைக்காதீர்கள். நாற்காலி மேல் வைத்துக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். தரையில் இருக்கும்போது சத்தம் உங்கள் கணுக்காலுக்கும் கீழ் வீட்டு வாத்தியாருக்கும் போகும், உங்கள் காதுக்கு வராது. அதனால்தான் வால்யூமை ஏற்றுகிறோம். நாற்காலிக்கு அடியில் பழைய யோகா பாய் ஒன்றை மடித்துப் போடுங்கள்.

மார்ஷல் லீட் 12-இல் கெயின் (கரகரப்பின் அளவு) தனி, வால்யூம் தனி. கெயினை ஏற்றி வால்யூமை இறக்கினால் பிள்ளை தூங்கும் நேரத்திலும் கரகர ஒலி கிடைக்கும். ஹெட்ஃபோன் துளையும் உண்டு. திரை இல்லாத ஹெட்ஃபோன்! நீங்கள் கேட்டது அதுதானே?

மேடைக்கிடாரன் | வியாழன், இரவு 9.25

டிரான்சிஸ்டர் டிஸ்டார்ஷன் தகர டப்பாவில் தேனீ விட்ட மாதிரி இருக்குமே.

அஞ்சுவாட் | வியாழன், இரவு 9.50

எல்லா டிரான்சிஸ்டரும் அப்படி இல்லை. லீட் 12-ஐ நான் வாசித்திருக்கிறேன். கெயினை முழுக்க ஏற்றினால் நீங்கள் சொன்ன தேனீ வரும், ஆறு ஏழில் வைத்து ட்ரெபிளைக் குறைத்தால் நன்றாகவே கடிக்கும். சத்தத்தின் தரத்தில் பாதி அந்த 10 இன்ச் ஸ்பீக்கரும் பெட்டியும். சாம்ப்பின் 8 இன்ச்சில் அடித்தொண்டை கொஞ்சம் குறைவு.

சுத்தமான ஒலியில் மட்டும் சாம்ப் பக்கம் நியாயம் இருக்கிறது. விரலை மெல்ல வைத்தால் மெல்ல, அழுத்தினால் கொஞ்சம் அழும். அந்த ஆம்ப் விரலுக்குப் பதில் சொல்லும். மார்ஷல் அவ்வளவு கேட்டு நடக்காது.

வேளச்சேரி_ஸ்ட்ராட் | ஞாயிறு, காலை 9.05

அண்ணன் நேற்றுப் போய் வந்தார்.

முன் துணியைச் சுற்றி அலுமினியச் சட்டம் இல்லை. பெயர்ப் பட்டையில் வால் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரில் 606-6-27. ஸ்பீக்கரில் 67-8335. விற்பவர் முன்பு எப்போதோ சேசிஸைக் கழற்றியபோது எடுத்த படம் ஒன்று வைத்திருந்தார், அதில் வால்யூம் கண்ட்ரோல் முதுகில் 1377621 தெரிகிறது. பின்பக்கம் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருக்கிறது, செலக்டர் இல்லை. பிளக்கில் எர்த் பின் வெட்டப்பட்டிருக்கிறது. வால்யூம் பூச்சியத்திலேயே உறுமல், அண்ணன் பாஷையில் பழைய ஃப்ரிட்ஜ் மாதிரி. பென்சிலால் தட்டியதில் மணி எதுவும் கேட்கவில்லை. தகடு சிவக்கவில்லை. ட்ரெமோலோ வேலை செய்கிறது, அதைக் கேட்டுவிட்டுக் கிடாரே தெரியாத அண்ணன் இது நல்லா இருக்கேடா என்கிறார்.

விலை 600-க்குக் கீழே இறங்க மாட்டாராம்.

ஸ்காபரோ_வாசி | ஞாயிறு, காலை 10.30

137 சிடிஎஸ், 76 வருஷம், 21-ஆவது வாரம். டிரான்ஸ்ஃபார்மரின் 6 தனியே நின்றால் 66-ஆ 76-ஆ என்று சொல்ல முடியாது, ஆனால் இது 76-தான் என்று கண்ட்ரோல் சொல்லிப்போட்டுது. ஸ்பீக்கர் எமினென்ஸ், 83-ஆம் வருஷம் 35-ஆவது வாரம், ஆகவே பழசு போய் மாற்றினது. ஆம்ப் 1976, அவர் 68 என்றது எட்டு வருஷம் பிசகு. வேண்டுமென்று சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்பதை விடுவம், விலையில அந்த எட்டு வருஷம் இருக்கு.

76 கெட்ட வருஷம் இல்லை. 64-இல் வந்த பிளாக்ஃபேஸ் (கறுப்பு முகப்பு) சாம்ப்பின் சர்க்யூட்தான் பெரிதாக மாறாமல் ஓடி வந்தது. பெரிய ஆம்ப்களில், பிறகு ஃபெண்டரை வாங்கின சிபிஎஸ் கம்பனி கை வைத்த அளவுக்குச் சின்னதில் வைக்கயில்லை.

சால்டர்_புகை | ஞாயிறு, மதியம் 12.10

உறுமல் பெரும்பாலும் உள்ளே கரண்டைச் சமன்செய்யும் ஃபில்டர் கண்டன்சரால்தான். கிட்டத்தட்ட ஐம்பது வயது, அது உலர்ந்துபோவது இயல்பு. மாற்றுவது அரை நாள் வேலை, சாமான் நம் ஊரிலேயே கிடைக்கும். மூன்று பின் வயர் இன்னொரு ஒரு மணி நேரம். இதில் இருக்கும் சின்ன வால்வு 12ஏஎக்ஸ்7, அதுவும் ஈசிசி83-உம் ஒன்றுதான், பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) செய்தது என்னிடமே இன்னும் பத்து இருக்கிறது. 6வி6 வெளியே வாங்க வேண்டும், ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் இன்னும் செய்கிறார்கள். இந்த ஆம்ப்பில் பயஸ் (வால்வில் ஓடும் கரண்ட் அளவு) திருகும் வேலை இல்லை, பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் போதும்.

ஆகவே பழுது எனக்குப் பயமில்லை. கரண்ட்தான் இடிக்கிறது. ஒழுங்காகச் செய்வதானால் பவர் டிரான்ஸ்ஃபார்மரையே 230 வோல்ட் 50 சைக்கிளுக்கு மாற்ற வேண்டும். கனடாவின் ஹாம்மண்ட் கம்பெனி சாம்ப்புக்கென்றே செய்கிறது, வரவழைக்கலாம். அப்படிச் செய்தால் 606 என்று அடித்த அந்த டிரான்ஸ்ஃபார்மர் உங்கள் அலமாரியில் இருக்கும். ஸ்பீக்கர் ஏற்கெனவே மாறிவிட்டது. டிரான்ஸ்ஃபார்மரும் மாறினால் 1976-க்கு என்று நீங்கள் கொடுக்கும் காசு மரப்பெட்டிக்கும் பெயர்ப் பட்டைக்கும்தான்.

என் தம்பியாக இருந்தால் வேண்டாம் என்பேன். அந்த ஆம்ப் 120 வோல்ட் இருக்கும் ஊரிலேயே இருக்கட்டும்.

மேடைக்கிடாரன் | ஞாயிறு, மதியம் 12.40

சரி, நான் என் முதல் பதிவை வாபஸ் வாங்குகிறேன்.

வேளச்சேரி_ஸ்ட்ராட் | ஞாயிறு, இரவு 8.15

மத்தியானம் அடையாறு போய் வந்தேன். என் ஸ்ட்ராட்டையே எடுத்துப் போனேன். அவர் வீட்டில் ஆம்ப் ஒரு பீரோ மேல் துணி போர்த்தி இருந்தது. பெட்டியின் ஓரங்களில் லேசாகப் பூஞ்சை, மூலைத் தகட்டில் துரு. கடலுக்குப் பக்கம் அல்லவா. பின்பக்கம் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதைப் பார்த்ததுமே பாதி முடிவாகிவிட்டது.

போட்டதும் ட்ரெபிள் குமிழ் மணல் அரைத்தது. நாலைந்து தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பியதும் பாதி குறைந்தது. ஸ்பீக்கர் கோனை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன், எங்கும் உரசவில்லை. கெயின் 6, வால்யூம் 2. அவருடைய அப்பா பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்து வரவில்லை. கிவ்சன்காரி அக்கா சொன்ன பரிசோதனையில் பாஸ் என்று எடுத்துக்கொண்டேன்.

சாம்ப் அளவுக்கு மனசு துள்ளவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் எழுந்திருக்கவும் மனசில்லை. ஒரு மணி நேரம் வாசித்துவிட்டேன். 15,500-க்கு முடித்தேன்.

கிவ்சன்காரி | ஞாயிறு, இரவு 8.22

வாத்தியார் சார்பில் நன்றி.

சால்டர்_புகை | ஞாயிறு, இரவு 8.50

நல்லது. வீட்டில் இன்னும் போடவில்லையே? வயர் முனையில் பிரிட்டிஷ் பிளக் இருக்குமே, அதை என்ன செய்யப் போகிறீர்கள்?

வேளச்சேரி_ஸ்ட்ராட் | ஞாயிறு, இரவு 9.00

அவர் ஒரு யுனிவர்சல் அடாப்டர் கொடுத்தார் சார்.

சால்டர்_புகை | ஞாயிறு, இரவு 9.25

அதைத் தூக்கிப் போடுங்கள். அந்த மாதிரி அடாப்டர்களில் பல எர்த்தைக் கொண்டு போகாது.

பிரிட்டிஷ் பிளக்கை வெட்டிவிட்டு நம் 6 ஆம்ப் மூன்று பின் போடுங்கள். இரண்டு விஷயத்தில் கவனம். வயர் நிறம் வேறு: பழுப்பு லைன், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். நம் எலக்ட்ரீசியன்கள் சிவப்பு, கறுப்பு, பச்சைக்குப் பழகியவர்கள், சிலர் பழுப்பையும் நீலத்தையும் தோன்றியபடி மாட்டிவிடுவார்கள். அடுத்தது, பிரிட்டிஷ் பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் உண்டு, நம் பிளக்கில் கிடையாது. ஆகவே ஆம்ப்பில் இருக்கும் ஃபியூஸ்தான் இனி ஒரே காவல். அதைக் கழற்றிப் பாருங்கள், அதன் தொப்பியில் பொறித்த எண்ணும் ஆம்ப்பில் அச்சடித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வெள்ளிக் காகிதம் சுற்றியிருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள்.

முதல் தடவை சீரிஸ் பல்ப் போர்டில், அதாவது கரண்ட் ஒரு பல்ப் வழியாக ஆம்ப்புக்குப் போகும் பலகையில், போட்டுப் பார்ப்பது உத்தமம். தெருமுனை ரேடியோ மெக்கானிக் யாரிடமும் இருக்கும். பல்ப் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட்.

வேளச்சேரி_ஸ்ட்ராட் | திங்கள், இரவு 9.10

பல்ப் மங்கியது. ஃபியூஸ் சரியான எண்தான், காகிதம் இல்லை. பச்சை மஞ்சள் பெரிய பின்னில், படம் போட்டிருக்கிறேன், பாருங்கள் சார். குமிழ்களுக்குக் காண்டாக்ட் கிளீனர் அடித்தேன், மணல் சத்தம் போய்விட்டது. யோகா பாய் என் மனைவியுடையது, அது தனி விவாதம்.

சால்டர்_புகை | திங்கள், இரவு 9.30

படம் பார்த்தேன். இணைப்பு சரி. வயரைப் பிடிக்கும் கிளாம்ப்பை இன்னும் ஒரு சுற்று இறுக்குங்கள், இழுத்தால் வெளியே வரும்போல் இருக்கிறது.

ஸ்காபரோ_வாசி | செவ்வாய், காலை 6.45

தம்பி, குறை நினைக்காதேங்கோ. அந்தச் சாம்ப் விற்றுப்போச்சா? என்ர மச்சான் இந்தக் கிழமை முடிவில நியூவார்க்கில ஒரு கல்யாணத்துக்குக் காரில போறார். எங்களுக்கு 120 வோல்ட், 60 சைக்கிள்.

வேளச்சேரி_ஸ்ட்ராட் | செவ்வாய், காலை 7.20

இன்னும் இருக்கிறது அண்ணா! விற்பவரின் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அந்த 83-ஆம் வருஷ ஸ்பீக்கரைச் சொல்லி விலை பேசுங்கள்.

ஸ்காபரோ_வாசி | இரண்டு வாரம் கழித்து, திங்கள், காலை 8.10

525-க்கு முடிஞ்சுது. மூன்று பின் வயர் போட்டு, ஃபில்டர் கண்டன்சர் மாற்றக் கொடுத்து எடுத்துக்கொண்டு நேற்றிரவு வீட்டை வந்தன். உறுமல் துப்புரவா இல்லை.

வேளச்சேரி_ஸ்ட்ராட் | அதே திங்கள், காலை 8.14

ட்ரெமோலோ எப்படி இருக்கிறது அண்ணா? பாதிக்கு மேல் திருப்பிப் பார்த்தீர்களா?

ஸ்காபரோ_வாசி | அதே திங்கள், காலை 8.31

இஞ்சை இரவு பதினொன்று. பிள்ளை நித்திரை, அம்மாவும் நித்திரை. முன்னுக்கு இருந்து சிவப்பு லைட்டை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கிறன். நாளைக்குச் சொல்றன்.